ஒலி எங்கே நின்றது?

எழுத்துகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் ஒரு தனி இயலாகவே அமைத்துச் சொல்லியிருக்கிறார். உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் பொருந்தி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் துணையோடு வெவ்வேறு எழுத்தாக வெளிப்படுகிறது என்பது அவர் கண்டது. இலக்கியம் பயிலும் நண்பர்கள் இதனை நன்கு அறிவர். அறிவியல் பயிலும் நண்பர்களோ, கணினியைப் பற்றிய கட்டுரையில் பிறப்பியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒருவனுக்குப் பேச்சு வரவில்லையென்றால், அவன் தலையை மாற்றிவிடு என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. தடை மிடற்றிலா, நாவிலா, இதழிலா என்றுதான் பார்ப்பார். ஆனால் லினக்ஸ் கணினியில் ஒலி வரவில்லையென்றால் நம் விடுதியில் கிடைக்கும் முதல் அறிவுரை என்ன? "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு!" தலையை மாற்றும் மருத்துவம் அன்றோ இது?

இந்த அறிவுரையை நான் அடியோடு மறுக்கிறேன். அழித்து நிறுவுவதால் சில வேளைகளில் ஒலி திரும்புவதுண்டு. ஆனால் ஏன் போயிற்று, ஏன் வந்தது என்பது யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் மீண்டும் போனால் மீண்டும் அழிக்க வேண்டியதுதான். இடையில், வேறெங்கும் படியெடுத்து வைக்காத குறிப்புகளும் கட்டுரைகளும் அழிந்துபோகும். நம்மிற் பலருடைய கணினி அண்ணனிடமிருந்தோ மூத்த மாணவரிடமிருந்தோ கைமாறி வந்த பழைய கணினி. அதில் இருக்கும் எழுத்துகளோ நம் சொந்த உழைப்பு. ஒலிக்காக உழைப்பைப் பலி கொடுப்பது எந்த வகையில் அறிவுடைமை?

ஒலி கடந்து வரும் வழியை முதலில் அறிந்துகொள்வோம். நீங்கள் ஃபயர்பாக்ஸிலோ விஎல்சியிலோ ஒரு பாட்டை ஓட்டுகிறீர்கள். அந்தச் செயலி பாட்டை எண்களின் வரிசையாக விரிக்கிறது. இசைக் குறுந்தட்டின் கணக்குப்படி, இடப்பக்கத்துக்கு நொடிக்கு 44,100 எண்கள், வலப்பக்கத்துக்கும் அவ்வளவே. செயலி இவ்வெண்களை நேரே ஒலிபெருக்கிக்கு அனுப்புவதில்லை. ஒரு மேலாளரிடம் ஒப்படைக்கிறது. ஒரே நேரத்தில் பாட்டும் ஓடும், மின்னஞ்சல் வந்த மணியும் அடிக்கும். இவற்றைக் கலந்து, அளவைக் கூட்டிக் குறைத்து, எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று முடிவு செய்பவர் இம்மேலாளரே. அவருக்குக் கீழே, லினக்ஸின் உட்கருவில், அல்சா என்னும் பகுதி. வன்பொருளோடு பேசத் தெரிந்த இயக்கிகள் அங்கே இருக்கின்றன. அதற்கும் கீழே தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் கோடெக் என்னும் சிறு சில்லு. எண்ணை மின்னலையாக்குவது அதன் தொழில். அந்த மின்னலையைப் பெருக்கிகள் பெருக்க, ஒலிபெருக்கியின் மெல்லிய தாள் அதிர, ஒலி பிறக்கிறது. செயலி, மேலாளர், அல்சா, கோடெக், ஒலிபெருக்கி: இவை கணினியின் உந்தியும் நெஞ்சும் மிடறும் நாவும் இதழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அடைத்தாலும் நம் காதுக்குக் கிடைப்பது ஒரே அமைதிதான். அமைதி ஒன்று, காரணம் பல. இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை முழுவதும். கண்டுபிடித்த பின் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒரு பொத்தானை அழுத்துவது.

மேலாளரைப் பற்றி மட்டும் சிறிது வரலாறு தேவை; ஏனெனில் பழைய மருந்துச் சீட்டுகள் பல இன்றும் உலவுகின்றன. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்நாட்டவரான ஹன்னு சவலைனன் ஒலி அட்டைக்கு இயக்கி எழுதினார். ஓஎஸ்எஸ் என்று வழங்கிய அந்த அமைப்பில் பெரும்பாலும் ஒரு செயலி ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கிய அல்சா, 2003-இல் வெளிவந்த 2.6 ஆம் உட்கருவில் அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கு மேலே அமரும் மேலாளராக லென்னார்ட் பொட்டரிங் 2004-இல் ஒன்றை எழுதத் தொடங்கினார், அதுவே பல்ஸ்ஆடியோ. 2007-இல் ஃபெடோராவும் 2008-இல் உபுண்டுவும் அதை ஏற்றன. தொடக்க ஆண்டுகளில் அதனால் விளைந்த தொல்லைகள் கொஞ்சமல்ல. "பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடு, எல்லாம் சரியாகும்" என்ற மருந்துச் சீட்டு அக்காலத்தில் பிறந்ததுதான். இன்றோ மேலாளரே மாறிவிட்டார். விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் 2021-இல் ஃபெடோராவிலும், 2022 அக்டோபரில் வந்த உபுண்டு 22.10-இலும் அப்பணியை ஏற்றது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு புதிய கணினியில் கைவைத்தால் இருக்கும் ஒலியும் போகும்.

ஆகவே உங்கள் கணினியில் மேலாளர் யார் என்று முதலில் கேளுங்கள். டெர்மினலைத் திறந்து, பிஏசிடிஎல் என்ற ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, இன்ஃபோ என்று அடியுங்கள். வரும் விடையில் சர்வர் நேம் என்று ஒரு வரி இருக்கும். அதில் பல்ஸ்ஆடியோ என்று மட்டும் இருந்தால் பழைய மேலாளர். பைப்வயர் என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் புதியவர். புதியவர் பழையவரின் மொழியையும் பேசுவதால், இக்கட்டுரையில் நான் சொல்லும் கட்டளைகள் பெரும்பாலும் இருவருக்கும் பொருந்தும். கட்டளைகளை நம் எழுத்தில் ஒலிப்படி தருகிறேன். அடிக்கும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

இனி ஆராய்ச்சி. ஹெட்போன் செருகியபடியே இருக்கிறதா, விசைப்பலகையில் ஒலியடைக்கும் பொத்தானில் விளக்கு எரிகிறதா, தனி ஒலிபெருக்கியானால் அதன் மின்னிணைப்பு இருக்கிறதா என்பவற்றை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள், அவ்வளவே.

அதன் பின் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்றுண்டு. பாவுகண்ட்ரோல் என்றொரு சிறு செயலி இருக்கிறது. பிஏவியு என்ற நான்கு எழுத்துகளோடு கண்ட்ரோல் என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் அதன் பெயர். எல்லா லினக்ஸ் வகைகளின் களஞ்சியத்திலும் கிடைக்கும். பாட்டை ஓடவிட்டுவிட்டு இதைத் திறங்கள். பிளேபேக் என்ற பக்கத்தில், ஒலி எழுப்பும் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு வரி. அந்த வரியில் ஒரு பட்டை ஒலிக்கேற்ப நீண்டும் குறுகியும் ஆடும். இந்தப் பட்டைதான் நம் நாடித் துடிப்பு.

பட்டையைப் பார்த்து என்ன அறியலாம்? உங்கள் செயலியே அப்பக்கத்தில் இல்லையென்றால், அல்லது இருந்தும் பட்டை ஆடவில்லையென்றால், ஒலி உந்தியிலேயே நின்றுவிட்டது என்க. கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். உலாவியில் அந்தத் தாவல் மட்டும் மியூட் செய்யப்பட்டிருக்கலாம். விஎல்சியின் சொந்த அளவுக்கோல் சுழியத்தில் இருக்கலாம். பட்டை அங்கே ஆடுகிறதா? நல்லது, அடுத்து அவுட்புட் டிவைசஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே ஒலியை வெளியிடக் கூடிய கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. எந்தக் கருவியின் பட்டை ஆடுகிறது என்று பாருங்கள். நீங்கள் ஒலிபெருக்கியில் பாட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, எச்டிஎம்ஐ என்ற கருவியின் பட்டை கூத்தாடிக்கொண்டிருக்கும்! கணினி ஊமையாகவில்லை, பேச்சைச் சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டது. திரைக்குச் செல்லும் எச்டிஎம்ஐ கம்பி படத்தோடு ஒலியையும் சுமக்கவல்லது. அதனால் லினக்ஸின் கணக்கில் அதுவும் ஓர் ஒலிக்கருவி. நான் பார்த்த கணினிகளில் ஒலி போனதற்கு மிகுதியும் இதுவே காரணமாக இருந்தது. வேண்டிய கருவியின் அருகே உள்ள பச்சைக் குறியை அழுத்தினால் அதுவே இயல்புக் கருவியாகிவிடும்.

சரியான கருவியின் பட்டையே ஆடுகிறது, ஆயினும் ஒலி இல்லை என்றால், மேலாளர் தம் வேலையைச் செய்துவிட்டார். தடை அவருக்குக் கீழே. அங்கே அல்சாமிக்சர் என்ற கட்டளை உதவும். டெர்மினலிலேயே செங்குத்தான தூண்களாக ஒரு படம் தோன்றும். இங்கே ஒரு நுட்பம்: முதலில் தோன்றும் படம் பெரும்பாலும் மேலாளருடைய ஒற்றைத் தூண்தான். அதைப் பார்த்துவிட்டு "எல்லாம் முழு அளவில் இருக்கிறதே" என்று மூடிவிடுவோர் பலர். எஃப்6 என்ற விசையை அழுத்தி உண்மையான ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தால்தான் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம் என்று தூண்கள் வரிசையாக வரும். தூணின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அது மியூட் செய்யப்பட்டிருக்கிறது. இரண்டு சுழிகள் இருந்தால் திறந்திருக்கிறது. அம்புக்குறி விசையால் அத்தூணுக்குச் சென்று எம் விசையை ஒரு முறை அழுத்தினால் திறந்துவிடும். புதிதாகக் கண்ட ஒலி அட்டையின் தூண்களை அல்சா இயல்பாக மூடியே வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலான லினக்ஸ் வகைகள் அவற்றைத் தாமே திறந்துவிடுகின்றன. ஏதேனும் ஒன்று விட்டுப்போனால் நாம்தான் திறக்க வேண்டும்.

அதே படத்தில் ஆட்டோ-மியூட் மோட் என்று ஒரு தூண் சில கணினிகளில் இருக்கும். ஹெட்போனைச் செருகியவுடன் ஒலிபெருக்கியை அடைப்பது அதன் தொழில். நல்ல தொழில்தான். ஆனால் செருகுதுளைக்குள் தூசியோ துருவோ சேர்ந்து, எடுத்த பின்னும் ஹெட்போன் இருப்பதாகவே கணினி எண்ணிக்கொண்டால் என்ன ஆகும்? ஒலிபெருக்கி என்றென்றும் அடைபட்டே கிடக்கும். ஹெட்போனில் கேட்கிறது, ஒலிபெருக்கியில் கேட்கவில்லை என்று யாரேனும் சொன்னால் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். செருகியை ஐந்தாறு முறை செருகி எடுத்தாலே சில துளைகள் சரியாகிவிடும். ஆகாவிட்டால் அத்தூணை டிசேபிள்ட் என்று மாற்றிவைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் கண்ணால் பார்த்துச் செய்யும் ஆராய்ச்சி. கண்ணால் பார்க்க இயலாதவர் என்ன செய்வார்? இந்த வினா எனக்குத் தானாகத் தோன்றவில்லை; நம் சங்கத் தம்பி ஒருவர்தாம் தோற்றுவித்தார்.

அவர் வரலாற்றில் முதுகலை பயில்பவர், பார்வையற்றவர். உபுண்டு 22.04 நிறுவிய மடிக்கணினியில் ஓர்கா என்னும் திரைவாசிப்பான் துணையோடு பாடங்களைக் கேட்டும், தட்டெழுதியும் படிப்பவர். நமக்கு ஒலி போனால் பாட்டுப் போகும். அவருக்கு ஒலி போனால் திரையே போகிறது. சென்ற பருவத்தில் அவர் வகுப்பில் ஓர் ஆய்வுரை படித்தார். இடையே ஒரு சிறு ஆவணப்படம். அதன் ஒலி மண்டபத்தின் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்பதற்காக, உடன் பயிலும் ஒருவர் அமைப்பில் எச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். உரை நன்றாகவே நடந்தது. மறுநாள் காலை விடுதியில் கணினியைத் திறந்தால் அமைதி. இரு நாள் பொறுத்துவிட்டு நகரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். ஒலிச் சில்லு பழுது, தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, அவருடைய உதவித்தொகையில் பல மாதங்களை விழுங்கக் கூடிய ஒரு தொகையைக் கேட்டார்கள். விடுதியிலோ மற்றொருவர் வழக்கமான அறிவுரையைக் கொடுத்தார்: அழித்து நிறுவு. இரண்டாண்டுக் குறிப்புகளும் அதில்தான் இருந்தன. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"அண்ணே, கணினி பேச மாட்டேங்குது. பலகையை மாத்தணுமாம். உண்மையா?" என்று அவர் என் அறைக்கு வந்தார்.

தட்டெழுதுவதில் அவர் என்னைவிட விரைவானவர். ஆகையால் அவர் அடித்தார். திரையில் வந்ததை நான் படித்துச் சொன்னேன். முதலில் ஏபிளே என்று ஒரு கட்டளை: ஏ என்ற எழுத்தும் பிளே என்ற சொல்லும் இடைவெளியின்றிச் சேர்ந்தது. அதன் பின் ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடும் எல் என்ற எழுத்தும். அல்சாவுக்குத் தெரிந்த ஒலிக்கருவிகளின் பட்டியல் இதற்கு விடையாக வரும். வந்தது: கார்டு சுழியம், அதில் அனலாக் ஒன்று, எச்டிஎம்ஐ மூன்று. அனலாக் என்ற சொல்லைப் படித்தவுடனே, சில்லு செத்துவிட்டது என்ற பேச்சை நம்புவதற்கில்லை என்று தெரிந்துவிட்டது. இறந்த சில்லு பெயர் சொல்லி அழைத்தால் பதில் சொல்வதில்லை. பின்பு பாட்டு ஒன்றை ஓடவிட்டுப் பாவுகண்ட்ரோலைத் திறந்தோம்.

"பட்டை ஆடுதா, அண்ணே?"

"ஆடுகிறது தம்பி. ஆனால் எச்டிஎம்ஐயில் ஆடுகிறது."

அவர் சிரித்துவிட்டார். பச்சைக் குறியை அழுத்தித் திருப்பிவிடலாம் என்றால், அனலாக் கருவியே அப்பக்கத்தில் காணப்படவில்லை. இந்த இடத்தில் பலர் திகைத்துவிடுவர். கடைசியாக உள்ள கான்ஃபிகரேஷன் என்ற பக்கத்தில் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு புரொஃபைல், அதாவது அவ்வட்டை எந்த முறையில் இயங்க வேண்டும் என்ற ஏற்பாடு, உண்டு. ஒரே அட்டை அனலாக், எச்டிஎம்ஐ இரண்டையும் சுமக்கும்போது, ஒரு முறையைத் தேர்ந்தால் மற்றது பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். மண்டபத்தில் தேர்ந்தெடுத்த எச்டிஎம்ஐ முறையைப் பல்ஸ்ஆடியோ நினைவில் வைத்துக்கொண்டு, கம்பியைக் கழற்றிய பின்னும் விடாமல் பிடித்திருந்தது. அனலாக் ஸ்டீரியோ டியூப்ளெக்ஸ் என்ற முறைக்கு மாற்றினோம். மாற்றிய அதே நொடியில் ஓர்கா தான் நின்றிருந்த பட்டியலின் பெயரைப் பாதியிலிருந்து படிக்கத் தொடங்கியது. மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அவர் எழுந்து போகவில்லை. "அடுத்த தடவை நீங்க ஊர்ல இல்லேன்னா நான் என்ன பண்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. பிறர் கண்ணை எதிர்பாராமல், ஒரு விசையை அழுத்தினாலே ஒலி திரும்பும்படி ஏற்பாடு செய்ய முடியாதா என்று இருவரும் யோசித்தோம். முடிந்தது. நான்கே வரி கொண்ட ஒரு கோப்பு. முதல் வரி, பிஏசிடிஎல் கட்டளையால் செட்-கார்டு-புரொஃபைல் என்று சொல்லி அட்டையை அனலாக் முறைக்குத் திருப்புகிறது. இரண்டாவது, செட்-சிங்க்-மியூட் என்று சொல்லி இயல்புக் கருவியின் மியூட்டை நீக்குகிறது. மூன்றாவது, செட்-சிங்க்-வால்யூம் என்று சொல்லி அளவை 60 விழுக்காட்டில் வைக்கிறது. நான்காவது, எஸ்பிடி-சே என்ற கட்டளையால் "வந்துவிட்டேன்" என்று கணினியைச் சொல்ல வைக்கிறது. அச்சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தாம். ஈஸ்பீக் என்னும் பேச்சுக் கருவிக்குத் தமிழும் தெரியும். உச்சரிப்பு இரும்புக் குரலாக இருந்தாலும் புரிகிறது. இக்கோப்புக்கு இயங்கும் உரிமை கொடுத்து, அமைப்பில் விசைப்பலகை என்னும் பகுதியில், தனிக் குறுக்குவிசையாக ஒரு விசைக் கூட்டோடு பிணைத்துவிட்டோம். அவர் வேண்டுமென்றே அளவைச் சுழியமாக்கி, மியூட்டும் செய்துவிட்டு, விசையை அழுத்திப் பார்த்தார். "வந்துவிட்டேன்" என்றது. மூன்று முறை அப்படிச் செய்து பார்த்தார். இத்துடன், ஓர்காவே நின்றுபோனால் சூப்பர், ஆல்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் க்னோம் திரையில் அது மீண்டும் எழும் என்பதையும் இத்தகைய நண்பர்களுக்கு எல்லோரும் சொல்லி வைப்பது நல்லது.

அவருடைய அட்டை பட்டியலிலாவது இருந்தது. இல்லாதிருந்தால்? அதற்கும் வழி காண வேண்டும் அல்லவா? ஏபிளே கட்டளை ஒலிக்கருவி எதுவும் காணவில்லை என்று சொல்லும். அமைப்பில் டம்மி அவுட்புட் என்ற பெயர் மட்டும் தோன்றும். டம்மி அவுட்புட் என்பது நோயின் பெயர் அன்று. ஒலியை அனுப்ப ஒரு கருவியும் கிடைக்காதபோது மேலாளர் வைத்துக்கொள்ளும் வெற்றுக் குடம் அது. கணினியில் இருவர் கணக்கு வைத்திருந்து, முன்னவர் வெளியேறாமலே மற்றவர் நுழைந்தால்கூட இக்குடம் தோன்றக் கூடும். ஒலிக்கருவியைத் தொடும் உரிமை திரையின் முன் இருப்பவருக்கே தரப்படுகிறது. முன்னவரை வெளியேறச் செய்து பாருங்கள். மேலாளர் மட்டும் மயங்கிக் கிடந்தால், சிஸ்டம்சிடிஎல் என்று அடித்து, இரட்டைக் கோட்டோடு யூசர், பின்பு ரீஸ்டார்ட், பின்பு பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் என்ற மூன்று பெயர்களையும் இடம் விட்டு அடித்தால் அவர் எழுந்துவிடுவார். கணினியை அணைத்து ஏற்ற வேண்டியதில்லை.

எழாவிட்டால் உட்கருவையே கேட்க வேண்டும். ஜர்னல்சிடிஎல் என்று அடித்து, ஓர் இடம் விட்டுச் சிறு கோடும் கே எழுத்தும் சேர்த்தால் கணினி ஏறியபோது உட்கரு சொன்னதெல்லாம் வரும். அதில் எஸ்என்டி என்றோ எஸ்ஓஎஃப் என்றோ தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். அண்மை ஆண்டுகளில் வந்த இன்டெல் மடிக்கணினிகளில் ஒலியைக் கவனிக்க உள்ளேயே ஒரு தனிச் செயலி இருக்கிறது. அது இயங்க ஃபெர்ம்வேர் என்னும் சிறு நிரல் வேண்டும். அந்நிரல் வட்டில் இல்லையென்றால், ஃபெர்ம்வேர் ஃபெயில்ட் என்ற சொற்களும், இறுதியில் கழித்தல் 2 என்ற எண்ணும் தோன்றும். கழித்தல் 2 என்பதற்குப் பொருள், கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்பதே. நூலகத்தில் இல்லாத நூலைக் கேட்டு நிற்கும் மாணவன் நிலைதான் அச்செயலிக்கும். டெபியனில் ஃபெர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட், ஃபெடோராவில் அல்சா-எஸ்ஓஎஃப்-ஃபெர்ம்வேர் என்ற பொதியை நிறுவி, கணினியை ஒரு முறை அணைத்து ஏற்றினால் அட்டை பட்டியலில் வந்து நிற்கும்.

மிகப் புதிய சில மடிக்கணினிகளில் வேறொரு விந்தை. ஹெட்போனில் ஒலி உண்டு, ஒலிபெருக்கியில் இல்லை, செருகுதுளையும் தூய்மையாக இருக்கிறது. அவற்றில் ஒலிபெருக்கிக்கு முன்னே தனியான பெருக்கிச் சில்லு ஒன்று உண்டு. பழைய உட்கருவுக்கு அதனோடு பேசத் தெரியாது. புதிய உட்கருவுக்கு மாறுவதே வழி. பழைய லினக்ஸ் தட்டை வைத்துக்கொண்டு புதுக் கணினியில் போராடுவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக வைத்திருப்போருக்கு இன்னுமொன்று: சில கணினிகளில் விண்டோஸ் கோடெக்கை ஏதோ ஒரு நிலையில் விட்டுச் செல்லும், அங்கிருந்து மறுதொடக்கமாக லினக்ஸுக்கு வந்தால் ஒலி இராது. முழுக்க அணைத்து, சிறிது நேரம் கழித்து ஏற்றுங்கள்.

புளூடூத் ஹெட்போனைப் பற்றி இரண்டு வரி போதும். பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு ஒரு முறை என்று அதற்கு இரண்டு புரொஃபைல்கள். மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பேச்சு முறைக்கு மாறி, பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். பழுதென்று எண்ணித் தூக்கி எறியாதீர்கள். கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஏ2டிபி என்று இருப்பதைத் தேர்ந்தால் தெளிந்துவிடும்.

கடைக்காரர் சொல்வது போல் உண்மையிலேயே சில்லு பழுதாவதே இல்லையா? ஆவதுண்டு. ஆனால் அதை முடிவு செய்ய ஒரு சான்று வேண்டும். அச்சான்றை நாமே பெறலாம். புதிய லினக்ஸ் ஒன்றை யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, நிறுவாமல், குச்சியிலிருந்தே கணினியை இயக்குங்கள். வட்டில் ஒரு கோப்பும் மாறாது. டெர்மினலில் ஸ்பீக்கர்-டெஸ்ட் என்று அடித்து, சிறு கோட்டோடு சி, பின்பு 2 என்ற எண், மீண்டும் சிறு கோட்டோடு டி, பின்பு டபிள்யூஏவி என்று அடித்தால், ஒரு குரல் ஆங்கிலத்தில் "இடப்பக்கம்", "வலப்பக்கம்" என்று மாறி மாறிச் சொல்லும். குச்சியில் அக்குரல் கேட்டால் உங்கள் சில்லும் ஒலிபெருக்கியும் நலமே. குறை வட்டில் உள்ள அமைப்பில்தான், மேலே சொன்ன படிகளில் எங்கோ இருக்கிறது. குச்சியிலும் கேட்கவில்லை, பயாஸ் அமைப்பில் ஆடியோ திறந்தே இருக்கிறது, ஏபிளே பட்டியலும் வெறுமையாக இருக்கிறது என்றால்தான் பழுது என்று ஐயுற இடமுண்டு. அப்போதும் பலகையை மாற்ற வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பியில் செருகும் சிறு ஒலிக்கருவி கிடைக்கிறது. பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவியானால் லினக்ஸ் தனி இயக்கி கேட்காமலே அதை ஏற்றுக்கொள்ளும். தம்பியும் ஒன்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறார்.

ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். ஒலி போன கணினி உள்ளவர்கள் கொண்டு வரலாம். அதற்கு முன் எதையும் அழிக்க வேண்டாம். மின்னூட்டியையும் மறவாமல் எடுத்து வருக. அறையில் இரண்டு மின்செருகி இடங்களே உள்ளன.